கரும்பச்சை வெல்வெட்

மார்ச் 4

சுங்கத் துறை, துணி வகைப்பாட்டுப் பிரிவு, மூத்த அதிகாரி அம்மையார் அவர்களுக்கு,

சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைக்கும் பட்டறை நடத்துகிற உங்கள் கூடப்பிறந்த தங்கை எழுதிக்கொள்வது. நலம் விசாரிக்கப் போவதில்லை. என் நலத்தை நீ விட்டுவைக்கவில்லை.

இன்று காலை என் கிளியரிங் ஏஜென்ட் வந்தார். துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துத் தருவது அவர் தொழில், ஊர்வம்பு பேசுவது பொழுதுபோக்கு. இன்று வந்த மனிதர் வம்பை எடுக்கவில்லை. நேராக உங்கள் ஆபீஸ் உத்தரவை நீட்டினார். மாதிரி எண் 4417. நாங்கள் 'நெய்த வெல்வெட்' என்று எழுதிக் கொடுத்தது தப்பாம். அது 'பிளாஸ்டிக் பூச்சு பூசிய துணி'யாம். சுங்க வரி அட்டவணையில் ஐம்பத்தெட்டாம் அத்தியாயத்தில் இருந்த என் துணியைத் தூக்கி ஐம்பத்தொன்பதில் போட்டிருக்கிறீர்கள். வரி மூன்று மடங்கு. அதுகூடப் போகட்டும். 'தவறான தகவல் தந்த இறக்குமதியாளர்' என்று உத்தரவில் ஒரு வாசகம். வரியைக் கட்டிவிட்டுச் சரக்கை எடுத்தால், ஆமாம் நான் பொய்க்காரிதான் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கீழே கையெழுத்து. அது எனக்குத் தெரியாதா? ஏழாம் வகுப்பில் நான் கணக்கில் கோட்டை விட்டபோது மார்க் ஷீட்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்த கை அது. உன் வாழ்க்கையில் நீ செய்த ஒரே தப்பு அதுதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெல்வெட் எதற்கு என்று தெரியுமா? ஒரு தியேட்டருக்கு. அறுநூற்று நாற்பது சீட். ஏப்ரல் 12 திறப்பு. சட்டம் அடித்து, பஞ்சு ஒட்டி, எல்லாச் சீட்டும் பட்டறையில் மஞ்சள் மஞ்சளாகத் துணியில்லாமல் நிற்கின்றன. என்னிடம் வேலை செய்கிற ஆறு பெண்களும் அதற்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஆர்டர் போனால் பட்டறைக்குப் பூட்டுதான். வேறு எந்த வேலையும் எடுக்காமல் இதையே நம்பி இருந்தேன்.

நாலு தரம் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

வாலு
(இனிமேல் அப்படிக் கூப்பிடாதே)

மார்ச் 9

வாலு,

உன் கடிதம் கிடைத்தது.

போனை எடுக்காததற்குக் காரணம் உண்டு. இன்னும் முடியாத ஒரு வழக்கைப் பற்றி உறவுக்காரர் அதிகாரியிடம் போனில் பேசினால் அதற்குப் பெயர் சிபாரிசு. கடிதம் என்றால் தேதியோடு இருக்கும், யார் கேட்டாலும் காட்டலாம். அதனால் எழுது. போன் செய்யாதே.

4417 உன்னுடையது என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு வருவது உள்ளங்கை அளவு துணித் துண்டும் ஒரு எண்ணும்தான். யார் தருவித்தது என்று சொல்ல மாட்டார்கள். தெரிந்திருந்தால் கோப்பைத் தொட்டிருக்க மாட்டேன். வேறொருவர் பார்த்திருப்பார். முடிவு இதுவாகத்தான் இருந்திருக்கும்.

விதி எளிது. நெய்யும்போதே மேலே மயிர் எழும்பி நிற்கிற துணி ஐம்பத்தெட்டு. பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு பூசியிருந்து, அது வெறும் கண்ணுக்குத் தெரிந்தால் ஐம்பத்தொன்பது. பூச்சால் நிறம் மாறியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. உன் துணியில் பூச்சு இருக்கிறது. இல்லை என்று எழுதிக் கொடுத்தது உன் ஏஜென்ட். அவரை நம்பியது நீ.

மறுபரிசீலனைக் குழுவுக்கு விண்ணப்பிக்க முப்பது நாள் அவகாசம் இருக்கிறது. அதில் நான் இருக்க மாட்டேன். மூன்று பேர் பார்ப்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 13

மூளைகெட்டவளே,

இந்தக் கடிதத்தையும் யாராவது கேட்டால் காட்டு. முதல் வரியை அடிக்கோடிட்டுக் காட்டு.

பூச்சு இருக்கிறதாம்! எனக்கே வெல்வெட் பாடமா? பின்பக்கம் மெல்லிசாகக் கோந்து தடவாத சீட் வெல்வெட் உலகத்தில் எங்கேயாவது உண்டா? தடவாவிட்டால் நாலு பேர் உட்கார்ந்து எழுந்ததும் மயிர் கொட்டி சீட் சொட்டையாகிவிடும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. திருப்பிப் பிடித்தால் நூல் நூலாக நெசவுதான் தெரியும். ஆர்டருக்கு முன்னால் எனக்கு வந்த மாதிரித் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். ஆறு பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அதில் கத்தரி பிடிப்பவள் கேட்கிறாள்: "அக்கா, இதுல பூச்சு எங்க இருக்கு? அந்தம்மா எந்தக் கண்ணால பாத்தாங்க?" அந்தம்மா என் அக்கா என்று அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நீ சொன்ன விதியிலேயே 'வெறும் கண்ணுக்குத் தெரிந்தால்' என்று இருக்கிறது. உனக்குத்தான் ஒரு கமாகூட விடாமல் மனப்பாடம் ஆயிற்றே. வீட்டில் உனக்குப் பெயரே 'சட்டம்'. சாப்பாட்டுத் தட்டைக் கழுவும் முறையை அட்டவணை போட்டு ஒட்டியவள் நீ.

அப்புறம், தங்கைக்குக் கையால் நாலு வரி எழுதக்கூட உனக்கு முடியவில்லையா? டைப் அடித்து, அதுவும் ஒவ்வொரு எழுத்தும் கொட்டைப்பாக்கு அளவுக்கு! நான் என்ன ஒண்ணாம் வகுப்பா? இரண்டு பக்கத்தில் நீ சொன்னதை நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடுவேன்.

தியேட்டர்க்காரர் தினம் வந்து நிற்கிறார். நேற்று சீட்டுகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் பாப்பேம்மா, அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது" என்றார். அவர் நல்ல மனிதர், அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

எப்போதும் இதேதான். பிரச்சினை என்றால் நீ விதியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வாய், அனுபவிப்பது நான். அம்மாவுக்குக் கண் போன மூன்று வருஷமும் அப்படித்தான். தெரியாததைத் தெரிகிறது என்று சாதித்து, குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டு, வந்தவரைக் காலடிச் சத்தத்தில் கண்டுபிடித்து, எங்களை முட்டாளாக்கிக்கொண்டிருந்த அம்மாவை ஒருநாள் மாடிப்படியில் கீழே விழுந்து கிடக்கும்போது தூக்கியது நான். நீ அப்போது பதவி உயர்வுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய்.

தங்கை

மார்ச் 18

வாலு,

நீ வேண்டாம் என்றாலும் வாலு என்றுதான் கூப்பிடுவேன். அது நான் வைத்த பெயர்.

முப்பத்தோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். அத்தானின் நண்பர் ஒருவர் திரைச்சீலைத் துணி விஷயமாக வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். மேலதிகாரி தன் மைத்துனருக்காகக் கேட்டபோதும் முடியாது என்றேன். அதற்குத் தண்டனையாக இரண்டு வருஷம் மூலை மேசையில் உட்கார்ந்தேன். யாருக்கும் வளையாதவள் உனக்கு மட்டும் வளைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய். மூளைகெட்டவள் என்ற வசவையும் கேட்டேன்.

அம்மா விஷயத்தை இழுக்காதே. நான் பரீட்சை எழுதியது ஆசைக்கு அல்ல. அதைப் பற்றி நாம் அம்மா இறந்த மாதமே பேசி முடித்தோம். நீ பேசினாய், நான் கேட்டுக்கொண்டேன். இன்னும் எத்தனை தரம் கேட்க வேண்டும்?

விண்ணப்பம் எழுத உனக்கு என் பரிசோதனைக் குறிப்பின் நகல் தேவைப்படும். கேட்டால் யாருக்கும் கொடுக்க வேண்டிய ஆவணம் அது. இணைத்திருக்கிறேன். படித்துப் பார். ஒவ்வொரு வரிக்கும் நான் பொறுப்பு.

அக்கா

மார்ச் 21

அக்கா,

குறிப்பைப் படித்தேன். மூன்று தரம் படித்தேன்.

"மாதிரி 4417. நிறம் கறுப்பு."

நான் தருவித்தது கரும்பச்சை. முழு லோடும் கரும்பச்சை. கறுப்பில் ஒரு முழம்கூடக் கிடையாது. முதலில் துண்டு மாறிப்போயிற்று என்று நினைத்துக் குதித்தேன். ஏஜென்ட்டும் குதித்தார். ஆனால் அகலம், எடை, மயிரின் உயரம் எல்லாம் என் துணிதான். துண்டு மாறவில்லை.

அடுத்த வரி: "பின்பக்கம் தடவினால் விரல் தயங்குகிறது. மடக்கினால் விறைப்புத் தெரிகிறது. எனவே பூச்சு உள்ளது, புலப்படுகிறது."

விரல் தயங்குகிறது. சுங்கத் துறைக் குறிப்பில் யாராவது இப்படி எழுதுவார்களா? இது என் வார்த்தை. பட்டறை திறந்த வருஷம் நீ லீவில் வந்தபோது, உன் கையைப் பிடித்துத் துணியின் பின்பக்கம் வைத்து நான் சொன்னது. "கண்ண மூடிக்க. இப்ப தடவு. கோந்து இருந்தா விரல் தயங்கும்." நீ சிரித்தாய். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்போம், எங்களுக்கு விரல் போதும். உனக்குப் போதாது. உன் விதி கண்ணைத்தான் கேட்கிறது.

பிறகு உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெரிய எழுத்தை. 'வசவையும் கேட்டேன்' என்று எழுதியிருக்கிறாய். என் கடிதத்தை நீ கேட்டாயா, படித்தாயா?

அக்கா, உனக்குக் கண் தெரிகிறதா இல்லையா? நேராகச் சொல். அம்மா மாதிரி சாதித்தாயானால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

வாலு

மார்ச் 26

வாலு,

கையால் எழுதுகிறேன். வரி ஏறி இறங்கும். நீ கேட்டதுதானே, பொறுத்துக்கொள்.

இரண்டு வருஷமாகிறது. நான் எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. நடுவில் ஓர் அழுக்குத் திட்டு. ஓரத்தில் எல்லாம் நன்றாகத் தெரிகிறது, அதனால் தடுக்கி விழ மாட்டேன், ஆபீசில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. நீ என் எதிரே வந்து நின்றால் உன் காது தெரியும், தோடு தெரியும், முகம் தெரியாது. பெரிய எழுத்தைக் கண்ணாடி வைத்துப் படித்துவிடுவேன். மங்கலான நிறங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அம்மாவுக்கு வந்ததேதான். போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உன் கடிதங்களை அத்தான்தான் படித்துக் காட்டுகிறார். உன் வசவு எல்லாவற்றையும் அவர் குரலில் கேட்கிறேன். 'மூளைகெட்டவளே' வந்த இடத்தில் பாவம், இருமிக்கொண்டார்.

நான் ஏமாற்றவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு வருஷம் துணியைத் தொட்ட விரல். நெசவா பின்னலா, பருத்தியா கலப்பா, எல்லாம் தொட்டாலே தெரியும். லேபிளை உதவியாளர் படிப்பாள், நான் தடவிப் பார்த்துச் சொல்வேன், நிறம் உட்பட நான் சொன்னதை அவள் அப்படியே எழுதுவாள், நான் கையெழுத்துப் போடுவேன். இருநூற்றுப் பன்னிரண்டு மாதிரிகள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. உன்னுடையது வரும்வரை.

இப்போது வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு இன்னும் பதினான்கு மாதம் சர்வீஸ் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் தேதி கூடுகிற மறுபரிசீலனைக் குழுவுக்கு 'பரிசோதித்த அதிகாரிக்குக் கண் தெரியாது' என்று நீ ஒரு வரி எழுதினால் அன்றைக்கே நீ ஜெயித்துவிடுவாய். எழுதாதே என்று கேட்கத்தான் இதைத் தொடங்கினேன். எழுது என்று சொல்லத்தான் வேண்டும், அது எனக்குத் தெரியும். எனக்கு அந்த மேசையைத் தவிர ஒன்றும் தெரியாது வாலு. வீட்டில் உட்கார்ந்து காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தவள் நீ. கண்டுபிடித்தவளும் நீயா இருக்க வேண்டும்?

அக்கா

மார்ச் 29

அக்கா,

தியேட்டர்க்காரர் இருபத்தைந்தாம் தேதி வந்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சி மூன்றாம் தேதி வரை வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் போனால் வேறு கடையில் ரெடிமேடாக வாங்கிப் போட்டுவிடுவார்.

விண்ணப்பத்தை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் உன் கண் இருந்தது. அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர், "இது போதும், கண்டிப்பா ஜெயிச்சிடலாம்" என்றார். நானும் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். பிறகு பிரித்துக் கிழித்தேன். இன்னொன்றைத்தான் கொடுத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: நிறம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, எனவே துண்டை மூன்று பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். அவர்கள் 'அதிகாரி அனுபவசாலி, நிறம் எழுத்துப் பிழை' என்று தள்ளிவிட்டால் என் கதை முடிந்தது. தெரிந்துதான் செய்தேன். பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே, கிழித்த நிமிஷத்திலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர்? அவர்களுக்கும் ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா இல்லையா? 'ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை' என்கிறாய். பேசாமல் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். 'பொய்க்காரர்' என்று பெயர் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். குறிப்பில் என் வார்த்தை இருந்ததால் நான் கண்டுபிடித்தேன். அவர்களுக்கு அக்காவா ஆபீசில் இருக்கிறாள்?

மேலதிகாரிக்கு வளையாதவள், வாசலில் ஆளைத் திருப்பி அனுப்பியவள் என்று மார்தட்டிக்கொண்டாயே. உனக்கே நீ வளைந்து கொடுத்திருக்கிறாய், இரண்டு வருஷம்.

நான் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். நீயாகச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை எனக்கு எழுதாதே. அத்தான், இந்த இடத்தில் இருமாதீர்கள். அப்படியே படியுங்கள்.

வாலு

ஏப்ரல் 5

வாலு,

அத்தான் இருமவில்லை. படித்து முடித்து, காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மூன்றாம் தேதி குழு கூடியபோது நான் போனேன். என் பெயர் அழைக்கப்படவில்லை, எனக்கு அங்கே வேலையும் இல்லை. தலைவர் உன் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "நிறம் எழுதினதுல ஏதோ கைப்பிழை போல. இந்தம்மா தப்பா பாக்க மாட்டாங்க, நாம மேல போகலாம்" என்றார். நீ பயந்தது அப்படியே நடந்தது. அந்த நிமிஷம் நான் சும்மா இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்திருப்பார் போல. எனக்கு அவர் காதுதான் தெரிந்தது.

நான் எழுந்து துண்டை வாங்கி ஜன்னலருகே பிடித்து, "இது என்ன நிறம் சார்?" என்றேன். "கரும்பச்சை" என்றார். "எனக்குக் கறுப்பு" என்றேன். இரண்டு வருஷமாக என் கண் இப்படித்தான் என்று அங்கேயே சொன்னேன்.

மூன்று பேரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பூச்சு தெரியவில்லை. நெசவுதான் தெரிகிறது. ஐம்பத்தெட்டு. 'தவறான தகவல்' என்ற வாசகத்தையும் அடித்துவிட்டார்கள். நாளை உன் சரக்கு வெளியே வரும்.

பிறகு என் இருநூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளாக நீளமேசையில் பரப்பிவைத்துப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்று நினைவிலிருந்து ஒவ்வொரு மாதிரி எண்ணாகச் சொன்னேன். ஒன்பது தப்பு. ஒன்பது பேருக்கும் கடிதம் போகிறது. அதில் ஒருவர் கடையையே மூடிவிட்டாராம்.

அந்த ஒருவரை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேசையைக் காலி செய்துவிட்டேன். உன்மேல் கோபம் தீரவில்லை. நீ சொன்னது சரி என்பதால் கோபம் இரண்டு மடங்காக இருக்கிறது. எழுதத் தடையில்லை என்று நினைக்கிறேன், சொல்லிவிட்டேன் அல்லவா.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

இதை அத்தானிடம் கொடுக்காதே. நீயே படி. ஒவ்வொரு எழுத்தும் கொட்டைப்பாக்கு அளவுக்கு இருக்கிறதா? பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் டைப் அடித்தேன். ஏழு பக்கம் வந்துவிட்டது. கடைக்காரர், "பேனர் அடிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டார். வாயை மூடு என்றேன்.

எனக்கும் கோபம் போகவில்லை. இரண்டு வருஷம் என்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு ஆயுசுக்கும் போகாது. எழுத்துதான் பெரிசாகியிருக்கிறது, நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே.

துணி ஆறாம் தேதி வந்தது. ஆறு பேரும் நானும் என் வீட்டுக்காரரும், அவருக்கு ஸ்டேப்ளர் பிடிக்கவே தெரியாது, எல்லாருமாகச் சேர்ந்து நானூற்றுப் பத்து சீட்டை முடித்தோம். பின்வரிசைகளில் கயிறு கட்டி மறித்து, சொன்ன தேதிக்குத் தியேட்டரைத் திறந்துவிட்டார்கள். மீதிக்கு மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார். பட்டறைக்குப் பூட்டு இல்லை.

கடையை மூடியவரின் விலாசத்தை எனக்கு அனுப்பு. மீதிச் சீட்டுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும், அவருக்குத் துணி தெரியும் அல்லவா? வருவாரா மாட்டாரா என்பது அவர் இஷ்டம். கேட்க வேண்டியது நம் கடமை.

அம்மாவுக்கும் உனக்கும் வந்தது எனக்கும் வருமோ என்று போன வாரம் கண் டாக்டரிடம் போனேன். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டையைக் காட்டி, எங்கேயாவது வளைகிறதா என்று கேட்டார். எல்லாம் நேராக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வரச் சொன்னார். உன்னை நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன். அவர் எனக்கென்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

வீட்டில் உட்கார்ந்து காலடிச் சத்தம் கேட்க வேண்டாம். இங்கே வா. வருகிற துணியை எல்லாம் நான் கண்ணால் பார்க்கிறேன், நீ விரலால் பார். எங்கள் தொழிலில் விரலுக்கு விதி கிடையாது. கோந்து சரியில்லாத சரக்கை நான் நாலு தரம் வாங்கி ஏமாந்திருக்கிறேன், என் விரல் உன்னுடையது அளவுக்கு வராது.

முதலில் தியேட்டருக்குப் போவோம். தியேட்டர்க்காரரிடம் சொல்லி ஆறாவது வரிசையில் ஓரத்துச் சீட்டை உனக்கு வைத்திருக்கிறேன். ஓரத்தில்தான் நன்றாகத் தெரிகிறது என்றாயே. அங்கே உட்கார்ந்தால் திரை உனக்குப் பக்கவாட்டில் விழும். அந்தச் சீட்டை நானே தைத்தேன்.

நான் உன் எதிரே நிற்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்கிறேன்.

வாலு